முருகைக்கல் தொட்டியில் அல்காப் பெருக்கம்

கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள முருகைக்கற்களை வளர்ப்போர் பலரும் ஒரே முறைப்பாட்டையே கூறுவர். தொடங்கிய சில மாதங்களில் பாறைகளின்மீது பச்சை மயிர் போன்ற பாசி படர்கிறது. கையாற் பிடுங்கினால் ஒரு கிழமையில் மீண்டும் முளைக்கிறது. கடையில் வாங்கிய மருந்தை ஊற்றினால் மறைகிறது; சில மாதங்களின் பின்னர் முன்னிலும் அடர்த்தியாகத் திரும்பி வருகிறது. இது ஏன் திரும்பி வருகிறது என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

கணக்கு எளிதானது. மீன்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் உலருணவு இடுவதாகக் கொள்வோம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு பொசுபரசு இருப்பின் அது 10 மில்லிகிராம். பொசுபேற்றாகக் கணித்தால் ஏறத்தாழ 30 மில்லிகிராம். 300 லீற்றர் நீர் கொண்ட தொட்டியில் இது லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் ஆகும். மாசுபடாத முருகைக்கற் பார்களைச் சூழ்ந்த கடல்நீரில் உள்ள அளவோ இதனிற் பன்மடங்கு குறைவு. வளர்ந்த மீனின் உடலில் தங்குவது சிறுபங்கே. எஞ்சியது கழிவாக நீரைச் சேர்கிறது. இது ஒரு நாளின் வரவு மட்டுமே. நைதரசனுக்காவது ஒரு வெளிவழி உண்டு. துளைகள் நிறைந்த பாறையின் ஒட்சிசன் குன்றிய உட்பகுதியில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றுகின்றன. வாயு வளிமண்டலத்தைச் சேர்கிறது. பொசுபரசுக்கு அத்தகைய வழி இல்லை. எவரேனும் வெளியே எடுத்தாலன்றி அது தொட்டியை விட்டு நீங்காது.

பாசி செழித்திருக்கும் தொட்டியின் நீரைச் சோதித்து, பொசுபேற்று இல்லையெனக் கண்டு வியப்போர் உளர். கரைந்த பொசுபேற்றைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால் நீரில் அது தென்படுவதில்லை. மேலும், கல்சியங் காபனேற்றாலான பாறையும் மணலும் பொசுபேற்றைத் தம் மேற்பரப்பிற் பற்றி வைத்திருந்து, நீரில் அது குறையும்போது மெல்ல மெல்ல விடுவிக்கின்றன. சந்தையில் அரிசி இல்லாததைக் கண்டு நாட்டில் விளைச்சலே இல்லையென முடிவுகட்டுபவர் பதுக்கப்பட்ட களஞ்சியத்தை மறந்துவிடுகிறார். பாறையே இங்கு அக்களஞ்சியம். உணவைக் குறைத்த பின்னரும் மாதக்கணக்காகப் பாசி விடாப்பிடியாக நிற்பதற்கு இதுவே முதன்மையான காரணமாகும்.

மருந்துகள் தோற்பதும் இதனால்தான். தொட்டியினுள்ளே கொல்லப்பட்ட பாசி அங்கேயே அழுகி, ஒட்சிசனைக் குறைத்து, தான் உறிஞ்சியவற்றை நீருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. செப்புச் சேர்வைகள் பாசியோடு முருகைக்கற்களையும் நத்தைகளையும் கொன்றுவிடும். செந்நிறப் பாய்போற் படரும் சயனோபற்றீரியாவுக்கு எரித்திரோமைசின் இடும் வழக்கமும் உண்டு. மனிதரின் நோய்க்கு வேண்டிய மருந்தொன்று அழகுத் தொட்டியினூடாக வடிகாலைச் சென்றடைவதை நாம் ஏற்பதற்கில்லை.

செய்யத்தக்கது வெளியேற்றலே. பாறையை வெளியே எடுத்துப் பாசியைப் பிடுங்கிக் கழுவுதல், புரதக் கழிவை நுரையுடன் பிரித்தெடுக்கும் கருவியை ஒழுங்காக இயக்குதல், பொசுபேற்றைப் பற்றும் இரும்பு ஒட்சைட்டு மணிகளைப் பயன்படுத்துதல், உணவைக் குறைத்தல் ஆகியன அவ்வழிகள். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றும் நீரிலும் கவனம் வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, அதிற் கரைந்தவை தங்கிவிடுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கான எல்லையைத் தாண்டியிருப்பது 1980களிலிருந்தே பதிவாகியுள்ளது. அத்தகைய நீரை நாள்தோறும் ஊற்றுபவர் பாசிக்குப் பசளையிடுகிறார். ஆயினும் ஊட்டங்களை முற்றாக ஒழிக்க முனைவதும் தவறு. முருகையின் இழையங்களில் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்ணிய அல்காக்களுக்கும் அவை சிறிதளவு தேவை. ஊட்டம் அறவே குன்றிய தொட்டிகளில் வழுவழுப்பான கபிலநிற டைனோபிளசெலேற்றுகள் பெருகுவதைத் தொட்டி வளர்ப்போர் பலர் கண்டுள்ளனர்.

பாசி மேயும் மீன்களையும் நத்தைகளையும் விடலாமே எனக் கேட்கலாம். அவை பயன்படும், ஆனால் மேய்ந்ததன் பெரும்பகுதியை அதே நீரிலேயே கழிக்கின்றன. அவற்றுட் பல இயற்கையான பார்களிலிருந்து பிடிக்கப்படுபவை. அங்கும் அவற்றுக்கு அதே வேலை உண்டு. மீன்பிடி மிகுந்து, மேயும் மீன்கள் அருகிப்போன ஜமெய்க்காவில், 1983-84 இல் பரவிய நோயால் டயடெமா என்னும் நெடுமுட் கடல் முள்ளெலிகளும் மடிந்தன. 1970களின் பிற்பகுதியில் கடலடியின் பாதியளவை மூடியிருந்த உயிருள்ள முருகைக்கற்கள் 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழாயின. அவ்விடத்தை அல்காக்கள் பிடித்தன.

ஊட்டங்களை உறிஞ்சவென வேறொரு பாசியைத் தனித் தொட்டியில் வளர்த்து அறுத்தெடுப்பது பொசுபரசை உண்மையாகவே வெளியேற்றும் நல்ல முறை. ஆனால் எந்தப் பாசி, அறுத்தது எங்கே போகிறது என்னும் வினாக்கள் எழுகின்றன. தொட்டி வளர்ப்போர் விரும்பி வளர்த்த கோலர்ப்பா தக்சிபோலியா 1984 இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில், மத்தியதரைக் கடலில், ஏறத்தாழ ஒரு சதுரமீற்றர் பரப்பிற் காணப்பட்டது. அலெக்சாந்தர் மெனேசு என்னும் அறிஞர் எச்சரித்தார். அருங்காட்சியகத்தார் பொறுப்பை மறுத்தனர். பிற்காலப் பிறப்புரிமையியல் ஆய்வுகள் அது தொட்டிகளில் வளர்க்கப்பட்ட வகையே எனக் காட்டின. விவாதம் நீண்டுகொண்டிருக்கையிலே பாசி பல நாடுகளின் கரைகளை அடைந்தது. பின்னாளில் பல இடங்களில் தானாகவே குறைந்தது. 2000 இல் கலிபோர்ணியாவில் அதே வகை தோன்றியபோது, அதனைத் தடித்த விரிப்புகளால் மூடி உள்ளே குளோரீன் செலுத்தினர். 2006 இல் அது ஒழிக்கப்பட்டதென அறிவிக்கப்படும்வரை 70 இலட்சம் டொலருக்கு மேற் செலவாயிற்று.

கோலர்ப்பாவின் சிறு துண்டொன்றே புதுச் செடியாக வளரவல்லது. எனவே அறுத்த பாசியையும் அதைக் கழுவிய நீரையும் கடலேரியிலோ கடலுக்குச் செல்லும் வாய்க்காலிலோ விடலாகாது. பாசியை நன்னீரில் ஊறவைத்து உப்பகற்றி, வெயிலில் மொறுமொறுவென உலர்த்தினால் வீட்டுத் தோட்டத்துக்குப் பசளையாகும். ஊறவைத்த நீரைக் கடலிலிருந்து விலகிய வெறுந்தரையில் ஊற்றிவிடலாம்.