அட்டைக்கு முன்னால் ஓர் எண்: பிரான்ஸில் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கிய கதை

2018 செப்டம்பரில் வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு பிரான்ஸ் வந்தோம். 'கார்த் வித்தால்' என்று இங்கே எல்லாரும் பையில் வைத்திருக்கும் அந்தப் பச்சை மருத்துவ அட்டை என் கைக்கு வந்தது 2019 ஜூனில். ஒன்பது மாசம். நடுவில் மகளுக்குக் காய்ச்சல், எனக்குப் பல்வலி, மூன்று முறை திரும்பி வந்த விண்ணப்பம். அப்போது "என்னய்யா நாடு இது" என்று திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு வழக்கம்போல ஏன் இப்படி என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் புரிந்தது ஒன்றுதான்: தாமதம் அட்டையில் இல்லை, அட்டைக்குப் பின்னால் இருக்கும் எண்ணில். அந்த எண் கேட்கும் கேள்வி "உனக்கு என்ன வியாதி?" இல்லை, "நீ யார்?" என்பது. தமிழ்நாட்டில் பிறந்த நமக்கு அதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் சிக்கல்.

உரிமை வேறு, அட்டை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2016 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, பிரான்ஸில் முறைப்படி வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் மணி நேரத்திலிருந்தே மருத்துவக் காப்பீட்டு உரிமை உண்டு. வேலை இல்லாமல் வந்து குடியிருப்பவர்கள் பொதுவாக 3 மாதம் தொடர்ந்து வசித்த பிறகு கேட்கலாம். அட்டை என்பது இந்த உரிமையை மருத்துவரின் கணினிக்குச் சொல்லும் ஒரு சாவி, அவ்வளவுதான். அட்டை வரவில்லை என்றால் உரிமை இல்லை என்று அர்த்தமில்லை. இது தெரியாமல்தான் முதல் இரண்டு மாசம் பயந்துகொண்டே இருந்தேன்.

விண்ணப்பம் போவது வசிக்கும் மாவட்டத்தின் காப்பீட்டு நிதியகத்துக்கு. பேச்சு வழக்கில் 'சேபாம்'. கேட்பவை: கடவுச்சீட்டு, விசா அல்லது வசிப்பு அனுமதி, வேலை ஒப்பந்தம் அல்லது சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரத் தாள், பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ். கடைசியில் சொன்னதில்தான் நாம் விழுவோம்.

பதினைந்து இலக்கம்

பிரான்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு சமூகப் பாதுகாப்பு எண் உண்டு. ஆதார் எண்ணைப் பார்த்தால் ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இது அப்படியில்லை, எண்ணே பேசும். ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம்:

1 79 05 99 223 104 78

முதல் 1 என்றால் ஆண் (பெண்ணுக்கு 2). 79 பிறந்த வருஷம், 05 மாதம். 99 என்றால் பிரான்ஸுக்கு வெளியே பிறந்தவர். 223 இந்தியா. 104 அந்த மாதத்தில் அந்த நாட்டில் பிறந்தவர்களில் பதிவான வரிசை. கடைசி 78 சரிபார்ப்பு எண்.

சரிபார்ப்புக் கணக்கு எளிது. முதல் 13 இலக்கத்தை ஒரே எண்ணாக எடுத்து 97-ஆல் வகுக்க வேண்டும். மேலே உள்ளதில் மீதி 19. 97-இலிருந்து 19 போனால் 78. ஏன் 97? இரண்டு இலக்கப் பகா எண்களில் அதுதான் பெரியது. ஒரு இலக்கம் தப்பாக விழுந்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ கட்டாயம் பிடித்துவிடும். 104-ஐ 140 என்று தட்டினால் சரிபார்ப்பு எண் 42 ஆகிவிடும். கவுண்டரில் இருப்பவருக்கு அந்த நொடியே தெரியும். சர்வதேச வங்கிக் கணக்கு எண்களிலும் இதே 97 உண்டு.

ஆனால் இந்த 97-க்கு ஒன்று மட்டும் தெரியாது: அந்த எண்ணுக்குரிய ஆள் உண்மையிலேயே ஒருவர்தானா? பிரான்ஸில் பிறந்தவருக்கு நகராட்சிப் பதிவேடு பதில் சொல்லும். வெளிநாட்டில் பிறந்தவருக்கு அந்தப் பதிவேடு இல்லை. அவர் கொண்டுவரும் காகிதம்தான் சாட்சி. அது சரிபார்க்கப்படும் வரை 7 அல்லது 8-இல் தொடங்கும் தற்காலிக எண் ஒன்று கொடுப்பார்கள். அதை வைத்து உரிமைச் சான்று வாங்கலாம், அட்டை வாங்க முடியாது.

பெயர் இல்லாத சான்றிதழ்

என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, ஆஸ்பத்திரி பெயர்கூட இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் ஊரில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் வைப்பது எப்போதோ. பிறகு போய்ச் சேர்க்கலாம் என்று சட்டமும் இடம் கொடுக்கிறது, வீட்டிலும் அப்படியே விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழே போதும் என்று 39 வருஷம் ஓட்டியாயிற்று. இங்கே ஓடவில்லை. "இந்தக் குழந்தை நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கடிதம் வந்தது. நியாயமான கேள்விதான், கோபம்தான் வந்தது.

ஊரில் தம்பி நகராட்சிக்கு நாலு நடை நடந்து என் பெயரைச் சேர்த்தான். பெயர் சேர்க்க 15 வருஷம்தான் வரம்பு. பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு கொடுக்கும். எனக்கு அது கைகொடுத்தது.

அடுத்தது இனிஷியல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தேன். மனைவிக்கு அவள் அப்பா பெயர். மகளுக்கு என் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். "நீங்கள் எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கவுண்டரில் இருந்த பெண்மணி மரியாதையாகத்தான் கேட்டார். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைக்கும் வழக்கத்தை என் அரைகுறை பிரெஞ்சில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் உங்கள் மூவருக்கும் பெற்றோர் பெயருள்ள சான்றிதழ் வேண்டும்" என்றார். கேட்டது சரி. குடும்பப் பெயர் இல்லாத நமக்கு யார் யாருக்குப் பிறந்தார் என்ற காகிதம்தான் குடும்பப் பெயர்.

மூன்றாவது தடவை திரும்பி வந்தது மொழிபெயர்ப்பால். கடவுச்சீட்டில் இருந்த எழுத்துக்கூட்டல் ஒன்று, மொழிபெயர்ப்பில் இன்னொன்று. 'th' போட வேண்டிய இடத்தில் வெறும் 't'. 97 இதைப் பிடிக்காது, மனிதர்கள் பிடித்துவிட்டார்கள்.

காத்திருக்கும்போது

அட்டை வரும்வரை மருத்துவரிடம் போனால் கையிலிருந்து கட்ட வேண்டும். அவர் ஒரு பழுப்பு நிறத் தாள் தருவார். அதை எறியாதீர்கள். இரண்டு வருஷத்துக்குள் அனுப்பலாம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காய்ச்சலுக்கு 25 யூரோ கட்டினேன். எண் உறுதியான பிறகு தாளை அனுப்பினேன். 70 சதவீதம், அதாவது 17.50 யூரோ கணக்கில் விழுந்தது. மீதியை அலுவலகத்தின் துணைக் காப்பீடு கொடுத்தது. தனியார் நிறுவனங்கள் ஊழியருக்குத் துணைக் காப்பீடு தருவது 2016-இலிருந்து கட்டாயம். பல்வலியைத்தான் 'அட்டை வரட்டும்' என்று மூன்று மாசம் பொறுத்தேன். அடைத்தால் போகவேண்டிய பல் வேர்ச் சிகிச்சையில் போய் முடிந்தது. தாளைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பேன்.

அட்டை வந்ததும் ஒரு வேலை: குடும்ப மருத்துவர் ஒருவரைப் பதிவு செய்வது. இப்போது பொது மருத்துவரின் கட்டணம் 30 யூரோ. பதிவு செய்தவருக்கு 70 சதவீதம், அதில் 2 யூரோ கழித்து 19 திரும்பி வரும். பதிவு செய்யாவிட்டால் 30 சதவீதம்தான், 2 கழித்து 7 யூரோ.

ஏன் இவ்வளவு கவனம்?

இந்த எண்ணுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இதை உருவாக்கியவர் ரெனே கார்மீல், துளை அட்டை இயந்திரங்களில் தேர்ந்த ராணுவ அதிகாரி. ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்திருந்த காலம். ராணுவத்தை ரகசியமாகத் திரட்ட ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும் என்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த அவர் 1944-இல் கைதாகி, 1945 ஜனவரியில் டாஹவ் முகாமில் இறந்தார். ஆனால் அதே எண்ணின் முதல் இலக்கம், அன்றைய அல்ஜீரியாவில் முஸ்லிம்களையும் யூதர்களையும் தனியாகக் குறிக்கப் பயன்பட்டது. ஒரே இலக்கம் பாதுகாக்கவும் செய்யும், பிரித்துக் காட்டவும் செய்யும்.

1974-இல் அரசு அலுவலகக் கோப்புகளை எல்லாம் இந்த எண்ணால் இணைக்கும் 'சஃபாரி' என்ற திட்டம் பத்திரிகையில் அம்பலமானது. பெரிய எதிர்ப்பு. விளைவு, 1978 ஜனவரி 6-இன் தகவல் பாதுகாப்புச் சட்டம். ஒரு அலுவலகத்தில் கொடுத்த சான்றிதழை அடுத்த அலுவலகம் மறுபடி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அட்டையின் சில்லில் நோய் விவரம் எதுவும் கிடையாது, நிர்வாக விவரம் மட்டும்தான். மென்பொருள்காரனாக "எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் இணைத்தால் என்ன?" என்று கேட்டவன்தான் நானும். இப்போது அவ்வளவு சுலபமாகக் கேட்பதில்லை.

கிளம்பத் தயாராக இருப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பெட்டியில் புளியும் மிளகாய்த்தூளும் வைப்பதற்கு முன், பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா? கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டல்தானா? அப்பா அம்மா பெயர் முழுதாக இருக்கிறதா? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதே கேள்விகள். திருத்த வேண்டியதை ஊரிலேயே திருத்தி, அப்போஸ்தில் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் இங்கே வந்து, நீதிமன்றப் பட்டியலில் உள்ளவரிடம் கொடுங்கள். அவர் தரும் முதல் பிரதியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

தம்பி நடந்த நாலு நடைக்கு இன்னும் நான் கடன்பட்டிருக்கிறேன். நீங்கள் அந்தக் கடனை வாங்க வேண்டாம்.