லிட்டருக்கு ஐந்து மில்லியா, இருபது மில்லியா?

காரில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும். அதே ஆயில் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வேலை பார்க்கும். படகின் பின்னால் மாட்டுகிற டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறைக்குள் புகுந்துதான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. அங்கே ஆயிலைத் தேக்கினால் அதுவும் இழுபட்டுப் போய்விடும். ஆகவே போகிற போக்கில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, பெட்ரோலோடு எரிந்துபோகிற ஆயில்தான் இதற்குக் கொடுத்துவைத்தது.

பழைய வழி, பெட்ரோல் கேனில் லிட்டருக்கு 20 மில்லி ஆயிலைக் கலப்பது; அதாவது 50க்கு 1. முழு வேகத்தில் பாயும்போது அந்த அளவு தேவைதான். ஆனால் எஞ்சின் ஐடிலில் முனகும்போதும் அதே 20 மில்லிதான். நீலப் புகையும் கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கும் அதனால் வருபவை.

ஆயில் இன்ஜெக்‌ஷன் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது: ஆயில் தனி டேங்கில் இருக்கும், ஒரு பம்பு அதை அளந்து தள்ளும். யமஹா 1964-லேயே மோட்டார் சைக்கிளில் இதைக் கொண்டுவந்துவிட்டது. நம்மூர் ஆர்எக்ஸ் 100-இல் தனி ஆயில் டேங்க் இருந்தது நினைவிருக்கலாம். யமஹா அவுட்போர்டில் ஆயில் பம்பைச் சுழற்றுவது கிராங்க் ஷாஃப்ட். எஞ்சின் வேகமெடுத்தால் பம்பும் வேகமெடுக்கும். அது மட்டும் போதாது: சுமை ஏற ஏற ஆயிலும் கூட வேண்டும். அதற்காக த்ராட்டிலில் இருந்து ஒரு சிறு கம்பி பம்பின் லீவரைத் திருப்பி, ஒவ்வொரு தள்ளலிலும் போகும் அளவை மாற்றுகிறது. ஐடிலில் 200க்கு 1, அதாவது லிட்டருக்கு வெறும் 5 மில்லி. முழு த்ராட்டிலில் 50க்கு 1. எவின்ரூட், ஜான்சன் எஞ்சின்களில் 1984-இல் வந்த விஆர்ஓ பம்புக்குப் பல்சக்கரமே கிடையாது. கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பே அதை இயக்கியது.

ஆயில் இன்ஜெக்‌ஷனின் பலவீனம், கோளாறு சத்தமில்லாமல் வருவது. கலந்த பெட்ரோலில் எஞ்சின் ஓடுகிறதென்றால் ஆயிலும் போகிறதென்று அர்த்தம். இங்கே குழாயில் காற்று அடைத்தாலும் எஞ்சின் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும், சீஸ் ஆகும்வரை. அதனால்தான் பெரிய யமஹாக்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். சிவப்பு வந்தால் பஸ்ஸர் அலறும். எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் டேங்கில் ஆயில் குறைந்ததைத்தான் அந்த விளக்கு சொல்லும்; பம்பு தள்ளுகிறதா என்பதைச் சொல்லாது.

பைக்குக்கு வாங்கிய 2டி ஆயிலை இதில் ஊற்றாதீர்கள். தண்ணீரால் குளிரும் இந்த எஞ்சின்களுக்கு, சாம்பல் விடாத டிசி-டபிள்யூ3 ரகம்தான் சரி. எஞ்சின் புதிதென்றாலும், பிரித்துப் பூட்டியதென்றாலும், முதல் டேங்க் பெட்ரோலில் 50க்கு 1 ஆயிலையும் கலந்தே ஓட்டுங்கள். ஆயில் டேங்கில் பேனாவால் ஒரு கோடு போட்டு, மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பம்பை நம்பலாம்.