நீர் தொடாத இரும்பு

தோசை வார்ப்பதற்கு முன் அம்மா கல்லில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'சுர்' என்று கேட்டால் கல் காய்ந்துவிட்டது என்று பொருள். ஒருநாள் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய், அது அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? சத்தம் இன்னும் பலமாகக் கேட்கும், நீர் இன்னும் விரைவாக மறையும் என்றுதானே நினைப்பீர்கள்?

நடப்பதோ வேறு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கல்லின் மேல் அங்குமிங்கும் ஓடுகிறது. சத்தம் அடங்கிவிடுகிறது. ஒரு சொட்டு மறைய அரை நிமிடம், சில சமயம் ஒரு நிமிடம்கூட ஆகிறது! (பெரியவர்கள் உடன் இருக்கும்போது மட்டும் செய்து பாருங்கள். எண்ணெய் தடவாத இரும்புக் கல்லாக இருக்கட்டும். ஒட்டாத பூச்சு உள்ள கல் வேண்டாம்.)

லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756இல் இதைப் பற்றி எழுதினார். அவர் இரும்புக் கரண்டியைச் சிவக்கக் காய்ச்சி அதில் ஒரு சொட்டு நீர் விட்டார். ஊசலின் ஆட்டத்தை எண்ணி நேரத்தை அளந்தார். சொட்டுக்குப் பின்னால் மெழுகுவத்தியை வைத்துப் பார்த்தபோது, சொட்டுக்கும் கரண்டிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. அதாவது, நீர் இரும்பைத் தொடவே இல்லை! சொட்டின் அடிப்பாகம் ஆவியாகி, அந்த ஆவியே மெத்தையாக அதைத் தாங்கி நிற்கிறது. நீராவி வெப்பத்தைக் கடத்தும் திறன், நீரின் திறனில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்குதான். கம்பளி போர்த்திய கதைதான்.

ஆனால் கொதித்தலைப் போல வெப்பத்தை வாரிக்கொண்டு போகும் வழி வேறு அதிகம் இல்லை என்பதும் உண்மை. ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க 100 கலோரி போதும். அதே கிராமை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். அப்படியானால் கொதிக்கும் நீர் எவ்வளவு வெப்பத்தை வேண்டுமானாலும் விழுங்குமா? அதற்கு எல்லையே கிடையாதா?

உண்டு. அந்த எல்லையை அழகாகக் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த நுகியாமா. அவர் செய்தது எளிய சோதனைதான். மெல்லிய உலோகக் கம்பியைக் கொதிநீரில் மூழ்க வைத்து, அதில் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனார். கம்பியின் மின்தடையைக் கொண்டே அதன் வெப்பநிலையையும் அறிந்தார். அடுப்பும் வெப்பமானியும் ஒன்றே! மின்சாரம் கூடக் கூடக் குமிழிகள் பெருகின. ஆயினும் கம்பியின் வெப்பநிலை நீரின் கொதிநிலைக்குச் சில பத்து டிகிரிகளே மேலே நின்றது. பின்பு ஒரு கட்டத்தில், மிகச் சிறிதளவே மின்சாரம் கூடியதும், கம்பி ஒரே தாவலாகச் சுமார் 1000 டிகிரிக்குப் போய்த் தண்ணீருக்குள்ளேயே பழுத்து ஒளிர்ந்தது. நிக்ரோம் கம்பிகள் உருகி அறுந்தன. உருகுநிலை அதிகமான பிளாட்டினமே தாக்குப்பிடித்தது. 1934இல் இம்முடிவுகள் வெளியாயின. (லைடன்ஃபிராஸ்டின் லத்தீன் நூற்பகுதியும் நுகியாமாவின் ஜப்பானியக் கட்டுரையும் ஒரே ஆண்டில், 1966இல், ஆங்கிலத்தில் வந்தன என்பது வேடிக்கை.)

குமிழிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், மேலிருந்து வரும் நீருக்கு வழி கிடைப்பதில்லை. அந்த நொடியில் ஆவி கம்பியை மூடிக்கொள்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் தேங்கிய நீருக்கு இந்த எல்லை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட். உங்கள் உள்ளங்கை அளவு இடத்தில் 1000 வாட் மின் அடுப்புகள் பத்தின் வெப்பத்தைச் செலுத்துவதாகக் கற்பனை செய்து பாருங்கள். சிறிய அளவன்று, ஆனாலும் எல்லை எல்லைதான்.

கொல்லர் பழுத்த இரும்பைத் தொட்டியில் முக்கியதும் சும்மா பிடித்துக்கொண்டிராமல் இப்படியும் அப்படியும் அசைப்பார். ஏன் தெரிகிறதா? ஆவிப் போர்வையைக் கிழிக்கத்தான்.

உருக்காலையில் இந்த வேலையை நீர்த்தாரை செய்கிறது. உருளைகளுக்கு இடையே நசுங்கி வெளிவரும் தகடு 850, 900 டிகிரி சூட்டில் விரைந்து ஓடும். அதைச் சுருட்டுவதற்குள் சுமார் 600 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் வரிசை வரிசையாக நீர் பாய்கிறது. தாரை நேராக மோதும் இடத்தில் ஆவி விலகி, நீர் உலோகத்தைத் தொடுகிறது. செந்நிறத் தகட்டில் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். அங்கே வெப்பம் தேங்கிய நீரில் வெளியேறுவதைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. ஆனால் மோதிய நீர் பக்கவாட்டில் ஓடும்போது சூடேறி, மறுபடியும் ஆவியின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. தாரை எல்லையை உயர்த்துகிறதே தவிர, நீக்கிவிடுவதில்லை. தண்ணீரை இருமடங்கு ஊற்றினால் இருமடங்கு குளிரும் என்பது தப்புக் கணக்கு.

இன்னொரு தொல்லையும் உண்டு. தகடு ஓரளவு ஆறியதும் ஆவிப்படலம் திடீரென்று உடையும். உடைந்த இடம் மளமளவென்று குளிரும். உடையாத இடம் சூடாகவே இருக்கும். தகடு நெளிந்துபோகும். உருக்கின் வலிமை குளிரும் வேகத்தைப் பொறுத்தது. எனவே ஒரே தகட்டில் ஓரிடம் கடினமாகவும் ஓரிடம் மென்மையாகவும் அமைந்துவிடலாம்.

தகடு நெளிந்தால் நட்டத்தோடு போயிற்று. அணு உலையில் அப்படி இல்லை. தொடர்வினையை நிறுத்திய பிறகும், தொடக்கத்தில் முழுத் திறனில் 6, 7 சதவீத வெப்பம் எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். குழாய் உடைந்து நீர் வெளியேறிவிட்டால், அவசர நீரை உள்ளே செலுத்துவார்கள். அதற்குள் எரிபொருள் தண்டுகள் அளவுக்கு மீறிக் காய்ந்த தோசைக்கல்லைப் போல் ஆகியிருக்கும். நீர் வந்தும் தொடாது! நனைந்த பகுதி கீழிருந்து மேலாக மெதுவாகவே ஊர்ந்து ஏறும். தண்டின் உறையான சிர்க்கோனியம் மிகையாகச் சூடேறினால் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். அந்த வினையே மேலும் வெப்பத்தைத் தரும். ஆகவே உறையின் வெப்பநிலை எக்காரணத்தாலும் 1204 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று 1974இல் அமெரிக்காவில் விதி செய்தார்கள். ஊர்ந்து வரும் நீர் அதற்குள் உச்சியை எட்டுமா என்று கணக்குப் போட்டுக் காட்டிய பின்னரே அங்கே உலைக்கு அனுமதி.