இருபது வருஷம் கழித்துப் பறக்கலாமா?

நீச்சலும் சைக்கிளும் ஒரு முறை கற்றுக்கொண்டால் மறக்காது என்பார்கள். ஆகாய விமானம் ஓட்டுவது இந்தக் கணக்கில் சேருமா?

இந்தக் கேள்வி நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். அமெரிக்காவில் பலருக்கு இது சொந்தக் கவலை. அங்கே சிறு விமானத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்கிறவர்கள் உண்டு. கூலிக்கு ஓட்டக் கூடாது. சொந்த சந்தோஷத்துக்கு ஓட்டலாம். அதற்கென்று தனி லைசென்ஸ்.

அப்படி லைசென்ஸ் வாங்கியவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் மாலை, தலைக்கு மேலே சின்ன விமானம் ஒன்று ரீங்காரமிட்டுப் போகிறது. பழைய ஆசை முளைத்துவிடுகிறது. பீரோவைக் குடைகிறீர்கள்.

அகப்படுவது காகித லைசென்ஸா? 2010 மார்ச் 31-க்குப் பிறகு அது செல்லாது. பிளாஸ்டிக் அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி லைசென்ஸுக்குக் காலாவதியே கிடையாது! தூங்கிப் போயிருப்பது பறக்கும் உரிமைதான். 24 மாதங்களுக்கு ஒரு முறை, ஆசிரியர் ஒருவரிடம் குறைந்தது ஒரு மணி நேரம் பாடம் கேட்டு, ஒரு மணி நேரம் அவருடன் பறந்து, உங்கள் லாக் புத்தகத்தில் அவர் கையெழுத்தைப் பெற வேண்டும். அது இல்லாமல் தன்னந்தனியாகக்கூடக் கிளம்ப முடியாது. வைத்தியப் பரிசோதனை வேறு இருக்கிறது.

இது பரீட்சை அல்ல என்பதைக் கவனியுங்கள். திருப்தி இல்லையென்றால் ஆசிரியர் கையெழுத்துப் போடமாட்டார், அவ்வளவுதான். 'பெயில்' என்று எங்கும் எழுதமாட்டார். பாடம் கற்றதாக மட்டுமே புத்தகத்தில் ஏறும். நம் பள்ளிக்கூடங்களிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் நான் எவ்வளவோ அடிகளிலிருந்து தப்பியிருப்பேன்!

சரி, விமானத்தில் ஏறுங்கள். அநேகமாக அது செஸ்னா 172 ஆக இருக்கும். 1956-ல் தயாரிப்புக்கு வந்து, இதுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கும் நாலு பேர் விமானம். மேலே போனதும், "மூக்கைத் தூக்குங்கள்" என்கிறார் ஆசிரியர். தூக்கத் தூக்க வேகம் குறைகிறது. எச்சரிக்கைக் குழல் ஊளையிடுகிறது. இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விமானம் சரியத் தொடங்குகிறது. பயந்தவன் கை பிடியை இன்னும் தன் பக்கம் இழுக்கத்தான் பார்க்கும். இழுத்தால் ஆபத்து. முன்னே தள்ள வேண்டும். மூக்குத் தாழ்ந்து வேகம் வந்தால்தான் இறக்கைக்கு உயிர் வரும்.

மூச்சு விடுவதற்குள் அவர் எஞ்சின் குமிழை வெளியே இழுத்துவிட்டு, "எஞ்சின் நின்றுவிட்டது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார். மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கவிட்டு, இறங்க ஒரு வயல்வெளியைத் தேட வேண்டும். பிறகுதான் பெட்ரோல் குழாயைப் பார்ப்பது எல்லாம். உங்களுக்கு இவை தெரியும். ஆனால் எது முதலில், எது பிறகு?

இங்கேதான் சைக்கிள் கணக்கு உதைக்கிறது. கை சீக்கிரம் திரும்பி வந்துவிடும். வரிசையும் நிதானமும் ரேடியோப் பேச்சும்தான் மறந்து போகின்றன. போதாக்குறைக்கு, நீங்கள் இல்லாத காலத்தில் வானமே மாறியிருக்கிறது. 2020 ஜனவரி முதல், நெரிசல் மிகுந்த வான்பகுதிகளில், தான் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி இல்லாத விமானம் நுழைய முடியாது.

ஆக, இருபது வருஷ இடைவெளிக்குச் சட்டம் கேட்கும் ஒரு மணி நேரம் போதுமா? போதாது என்பதே என் அபிப்பிராயம். எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி, எஞ்சின் குமிழை ஆசிரியர் எப்போது இழுத்தாலும் பதறாத கை வரும் வரையில் அவரை விடக் கூடாது.

கையெழுத்துக் கிடைத்தாலும் குடும்பத்தை ஏற்றிவிட முடியாது. முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை எழும்பி, மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும். வானத்தில் டிக்கெட் பரிசோதகர் கிடையாது. அந்த எண்ணிக்கையை எழுதுகிறவரும் நீங்கள்தான், சரி பார்க்கிறவரும் நீங்கள்தான். மூன்றாவது இறக்கத்தில் விமானம் பந்துபோல் துள்ளியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் அதுவும் இறக்கம்தான். வேலிக்கு வெளியே உங்கள் மகள், "அப்பா, நான் ஏறலாமா?" என்று கையசைக்கிறாள்.

இன்னும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். அவள் காத்திருப்பாள்.