சம்பளத்துக்கு இல்லை, சேமிப்புக்கு! ஜகாத் கணக்கு என்றால் என்ன?

ரம்ஜான் வந்தால் முஸ்லிம் வீடுகளில் நோன்புக் கஞ்சியோடு இன்னொரு வேலையும் நடக்கும். பேங்க் பேலன்ஸ், தங்கம், கடைச் சரக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அதுதான் ஜகாத். இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்று. வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். பலர் ரம்ஜானில் கொடுக்கிறார்கள்.

எவ்வளவு?

85 கிராம் தங்கத்தின் மதிப்புக்குக் குறையாத சேமிப்பு, பிறைக் கணக்கில் ஒரு வருடம் கையில் இருந்தால் 2.5%. அதாவது 20 லட்சத்துக்கு 50,000 ரூபாய். குடியிருக்கும் வீடு, ஓட்டும் பைக் கணக்கில் வராது. பெண்கள் அணியும் நகைக்கு உண்டா? ஹனஃபி மத்ஹபில் உண்டு, ஷாஃபியில் இல்லை. டி.டி.எஸ். மாதிரி கம்பெனி பிடித்துக்கொள்ளாது. அவரவர்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்பா, அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. பெற்றோரையும் பிள்ளைகளையும் காப்பாற்றுவது ஏற்கெனவே கடமை. அந்தச் செலவை ஜகாத்தில் எழுத முடியாது. ஆனால், கஷ்டப்படும் அண்ணன், தங்கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வேறு யாருக்கு?

குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. அதில் ஒருவர் கடனாளி. கந்துவட்டியில் சிக்கியவரை மீட்க இந்தப் பணம் உதவும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஜமாஅத்தின் ‘பைத்துல்மால்’ எனும் பொது நிதி இதைத் திரட்டிப் பகிர்கிறது.

முஸ்லிம்களுக்கு மட்டும்தானா?

ஜகாத் முஸ்லிம்களுக்கே என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. ஆனால், அதைத் தாண்டி விருப்பப்பட்டுக் கொடுக்கும் ‘சதகா’வுக்கு மத எல்லை கிடையாது. பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு கஞ்சிக்கு நிற்பவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. 1951-ல் முஸ்லிம் கொடையாளர்கள் முயற்சியில் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் எல்லாச் சமூக மாணவர்களையும் படிக்க வைத்திருக்கின்றன.

அப்போ இது தர்மம்தானே?

சதகா தர்மம், ஜகாத் அப்படி இல்லை. வசதியுள்ளவரின் பொருளில் ஏழைக்கு இருக்கும் உரிமை அது. வாங்குபவர் கூனிக் குறுக வேண்டியதில்லை. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுவதையும் குர்ஆன் கண்டிக்கிறது. கையில் கொடுக்கும்போது ‘இது ஜகாத்’ என்று சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.