மீள்நடிப்போரும் ஆராய்ச்சியும்

பண்டைப் போர்களையும் வாழ்க்கை முறைகளையும் அவ்வக்காலத்து உடையும் படைக்கலமும் தாங்கி மீள நடித்துக் காட்டுவதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் மேலைநாடுகளிற் பலர் உளர். ஐக்கிய அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போர் இவர்தம் முயற்சிக்குப் பெருங்களனாய் அமைந்துள்ளது. அப்போரின் நூற்றாண்டு நினைவாக 1961ஆம் ஆண்டில் மனாசஸ் என்னுமிடத்தில், அங்கு நிகழ்ந்த முதற் பெரும்போர் மீள நடிக்கப்பட்டது; பின்னர் இவ்வழக்கம் மேலும் பரவிற்று. இதில் ஈடுபடுவோருட் பெரும்பாலார் வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவரல்லர். எனினும், பொத்தான் முதற் சப்பாத்து வரை எதனை அணிவதாயினும், "இஃது அக்காலத்துக்கு உரியதுதானா?" என்னும் வினா அவர்முன் எழவே செய்யும். ஆதலின், ஆராய்ச்சியைப் பற்றி மாந்தர் கொள்ளும் மனப்பான்மைகள் இக்கூட்டத்தாரிடையே வெளிப்படையாய்த் தோன்றுகின்றன.

இவர்கள் தம்முள் ஒருவர்க்கொருவர் பட்டஞ் சூட்டுவர். செயற்கையிழைச் சட்டையோடும் கைக்கடிகாரத்தோடும் களம் புகுவோனை 'ஃபார்ப்' என்று எள்ளுவர். சட்டையின் உட்புறத் தையல் கையால் இடப்பட்டதோ பொறியால் இடப்பட்டதோ எனத் துருவி ஆராய்வோனைத் 'தையலெண்ணி' என்று இகழ்வர். பின்னைய வகையினருட் சிலர், பட்டினியால் வாடிய போர்வீரரைப் போல மெலிதற்பொருட்டு உணவைக் குறைத்ததையும், குளிரிரவில் வெறுநிலத்தில் ஒருவரையொருவர் நெருங்கிக் கிடந்து உறங்கியதையும் ரொனி ஹோர்விற்ஸ் என்னும் எழுத்தாளர் 1998இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார்.

இவ்விரு பட்டங்களும் ஒரே பிழையான எண்ணத்தினின்று பிறந்தவை. ஆராய்ச்சி என்பது முடிந்த முடிபுகளின் தொகுதி என்பதே அவ்வெண்ணம். அத்தொகுதி தன் இன்பத்தைக் கெடுக்கும் என்று ஒருவன் அதனை ஒதுக்குகின்றான். அது தனக்கே உரியது என்று மற்றவன் அதனைக் கொண்டு பிறரை அடக்குகின்றான். சான்று என்பது யாது, அஃது எவ்வாறு நம் கைக்கு எட்டிற்று என்று இருவரும் வினவுவதில்லை. நிழற்படக்காரன் முன் நின்ற வீரன் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டே நின்றிருப்பான். நாடோறும் அணிந்த சட்டை கிழிந்து அழிய, பேணி வைத்த சட்டையே அரும்பொருட்சாலையை அடைவது பெரும்பான்மை. எனவே, எஞ்சிய பொருள்களை அளந்தமட்டில் இறந்தகாலம் முழுவதையும் அளந்ததாகாது.

இதனை விளக்குவது லோறன் குக் என்பாரின் வழக்கு. ஆண்வீரர் கோலத்தில் நடித்துவந்த இப்பெண்மணி, 1989இல் அன்ரீற்றம் போர்க்களத்தில் நடைபெற்ற நிகழ்ச்சியினின்று, பெண் என்பது அறியப்பட்டமையால் விலக்கப்பட்டார். போர்வீரர் வேடம் பெண்களுக்கு உரியதன்று என்பது பூங்கா அதிகாரிகளின் முடிபு. வரலாற்று உண்மையைக் காப்பதே அவர்கள் கூறிய காரணம். குக் வழக்குத் தொடுத்தார்; 1993இல் தீர்ப்பு அவர்பாலாயிற்று. அத்தோடு அமையாது அவர் சான்றுகளையும் தேடினார். ஆணுடை தரித்து, லயன்ஸ் வேக்மன் என்னும் பெயரோடு 1862இல் நியூயோர்க்கின் 153ஆம் படையணியிற் சேர்ந்து, 1864இல் நியூ ஓர்லியன்ஸ் நகர மருத்துவமனையில் நோயால் மாண்ட சேரா றொசெற்றா வேக்மன் என்பாளின் கடிதங்களை 1994இற் பதிப்பித்தார். அவளது கல்லறையிற் பொறிக்கப்பட்டிருப்பது ஆண்பெயரே. மறைந்து வாழ்ந்தோர் பதிவேடுகளில் வெளிப்படையாய்க் காணப்படாமை இயல்பு. அக்காணாமையையே அவர் இருந்திலர் என்பதற்குச் சான்றாக்குதல் தகாது.

பொத்தானிற் பிழை பொறாதார் பெரும்பொருளிற் பிழை பொறுத்தலும் உண்டு. அப்போருக்கு மூலகாரணம் அடிமை முறை. வடவர் படையிற் கறுப்பின வீரர் ஏறத்தாழ 1,80,000 பேர் பணிபுரிந்தனர். ஆயினும், நெடுங்காலம் மீள்நடிப்புக் களங்களில் வெள்ளையர் இருவரின் வீரமே காட்சியாயிற்று. போருக்குக் காரணமாயிருந்தோர் காட்சியில் இடம்பெற்றிலர். மசாச்சூசெற்ஸ் 54ஆம் படையணியின் வரலாற்றைக் கூறும் 'குளோறி' என்னும் திரைப்படம் 1989இல் வெளிவந்த பின்னரே, கறுப்பின வீரரை நடித்துக் காட்டும் குழுக்கள் பெரிதும் வலுப்பெற்றன. தையலெல்லாம் மெய்யாயிருக்கவும் காட்சி முழுவதும் பொய்யாதல் கூடும் என்பது இதனாற் போதரும்.

இனி, பொழுதுபோக்காளரை ஆய்வாளர் இகழ்தலும் நேரிதன்று. வட இங்கிலாந்திலே கோர்பிறிட்ஜ் என்னுமிடத்தில் 1964இல் உரோமப் போர்வீரரின் தகட்டுக் கவசங்கள் பெட்டியொன்றிற் கண்டெடுக்கப்பட்டன. தகடுகள் தோற்சட்டையொன்றின்மேற் பொருத்தப்பட்டன என்பது முன்னையோர் கருத்து. இலண்டன் கோபுரப் படைக்கலச்சாலையைச் சார்ந்த எச். றசல் றொபின்சன், அவை உட்புறத்தே தோல்வார்களால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை என்பதை, தாமே கவசஞ் செய்து நிறுவினார். 1972இற் தோன்றிய 'எர்மின் ஸ்றீற் காட்' என்னும் குழுவினர் அம்முறையிற் கவசங்கள் செய்து அணிந்தனர். அணிந்து நடந்தோன் உடம்பிலே வார் எங்கு அழுத்துகின்றது, கொளுவி எங்கு ஒடிகின்றது என்பன புலனாயின. இவை ஏட்டிற் காணக் கிடையாத செய்திகள். எனினும், அவ்வாறு அணியலாம் என்று காட்டுதல் வேறு, அவ்வாறே அணிந்தனர் என்று நாட்டுதல் வேறு. முன்னையது கைத்திறனாற் கூடும். பின்னையதற்குச் சான்று வேண்டும்.

ஆகவே, ஆராய்ச்சிக்கு உரியார் இன்னார், உரியரல்லார் இன்னார் என்னும் பாகுபாடு பட்டத்தாலும் உடையாலும் அமைவதன்று. தான் விரும்பிய கோலத்தையே ஒரு சான்று மறுக்குமாயின், அக்கோலத்தைக் களைய ஒருப்படுவோன் எவனோ அவனே ஆராய்ச்சியாளன். அவ்வாறு களைய மனமில்லாதவன் பல்கலைக்கழக மேடையில் நின்றாலும் வேடதாரியே ஆவான்.