தங்கத் தராசும் காய்கறித் தராசும்

பதில் சொல்லும் எந்திரம் – 11

2013இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். மக்கள் நாளுக்கு மூன்றே நிமிடம் வாயால் பேசித் தேட ஆரம்பித்தால், அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மாடல்களை ஓட்ட இருக்கிற டேட்டா சென்டர்களைப் போல இன்னொரு மடங்கு வேண்டியிருக்கும் என்று விடை வந்தது. மூன்று நிமிடத்துக்கே இந்தக் கதி. அதனால் டிபியு என்றொரு தனிச் சிப்பை 15 மாதத்தில் வடிவமைத்து, செய்து, 2015இல் வேலைக்கு வைத்தார்கள். அந்த முதல் டிபியுவுக்கு மாடலைப் பயிற்றுவிக்கும் வேலை கிடையாது. பயிற்சி முடித்து வந்த மாடலை வைத்துப் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

இதுவரை பயிற்சிச் செலவைப் பார்த்தோம். அது வீடு கட்டுகிற மாதிரி. ஒரு தடவை, ஊரே பேசும். பதில் சொல்வதற்கு ஆகும் செலவு மாதாமாதம் வரும் கரண்டு பில். தொழிலில் இந்த வேலைக்கு இன்ஃபரன்ஸ் என்று பெயர்.

இதில் எந்திரம் எங்கே திணறுகிறது? கணக்குப் போடுவதில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது திணறுவது சுமை தூக்குவதில். 700 கோடி எண்கள் கொண்ட ஒரு மொழி மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு 2 பைட் என்றால் மொத்தம் 14 ஜிபி. ஒரு டோக்கன், அதாவது ஒரு சொல் துண்டு, வெளியே வரவேண்டுமானால் அந்த 14 ஜிபியும் மெமரியிலிருந்து சிப்புக்கு ஒரு நடை வந்து போக வேண்டும். அடுத்த டோக்கனுக்கு மறுபடி முதலிலிருந்து. நல்ல மடிக்கணினியின் மெமரி விநாடிக்கு 100 ஜிபி கொடுக்கும். 100ஐ 14ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏழு டோக்கன். சிப் எவ்வளவு கெட்டிக்காரச் சிப்பாக இருந்தாலும் அதற்கு மேல் தேறாது. மின்சாரமும் இந்த நடையில்தான் போகிறது. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் கொடுத்த கணக்குப்படி, ஓர் எண்ணை வெளி மெமரியிலிருந்து எடுத்துவர ஆகும் மின்சக்தி, அதே அளவு எண்கள் இரண்டைப் பெருக்க ஆவதைப் போல 170 மடங்கு.

ஆகவே முதல் வழி, சுமையைக் குறைப்பது. 16 பிட் எண் என்பது தங்கத் தராசு. 65,536 படிகள் அதில் உண்டு. 4 பிட் எண்ணில் இருப்பது 16 படிகள்தான், காய்கறித் தராசு. எண்களையெல்லாம் காய்கறித் தராசில் நிறுத்து எழுதிவிட்டால் 14 ஜிபி 3.5 ஜிபியாகிறது, ஏழு டோக்கன் இருபத்தெட்டாகிறது. குவான்டைசேஷன் என்பது இவ்வளவுதான். இத்தனை கோடி எண்களில் ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பதில் பெரிதாகக் கெடுவதில்லை என்பதுதான் ஆச்சரியம். ஆனால் எல்லாவற்றையும் கத்திரிக்காய் போல நிறுக்க முடியாது. மாடல் 670 கோடி எண்களைத் தாண்டும்போது, உள்ளே ஓடும் மதிப்புகளில் ஆயிரத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்பதை 2022இல் டிம் டெட்மர்ஸும் அவர் சகாக்களும் கவனித்தார்கள். அந்த ஒன்றைத் தங்கத் தராசிலேயே விட்டுவிட்டு மீதியை 8 பிட்டில் நிறுத்தால் போதும். அதையும் சேர்த்து நறுக்கினால் மாடல் உளறுகிறது.

இரண்டாவது வழி, நடை ஒன்றுக்கு நாலு பேர் சாப்பிடும்படி செய்வது. சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் ஓர் இலைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினால் கட்டுப்படியாகுமா? அதனால் பந்தி. பத்துப் பேரின் கேள்விகளைச் சேர்த்து உட்கார வைத்தால், ஒரே நடையில் வந்த எண்கள் பத்துப் பேருக்கும் பயன்படும். சிக்கல் என்னவென்றால், பந்தி நிரம்பும்வரை முதலில் வந்தவர் காயவேண்டும். கூகுள் 2017இல் வெளியிட்ட கணக்கே இருக்கிறது. சாதாரண சர்வர் சிப்பில் 64 கேள்விகளைச் சேர்த்து ஓட்டினால் விநாடிக்கு 13,194 பதில் வருகிறது, ஆனால் 21 மில்லி விநாடி தாமதம். அந்த வேலைக்கு விதித்திருந்த கெடுவோ 7 மில்லி விநாடி. கெடுவை ஒட்டி நிற்க 16 கேள்வியாகக் குறைத்தால் 5,482 பதில்தான். சிப்பில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது.

மொழி மாடலில் பந்திக்கு இன்னொரு தொல்லை. ஒருவருக்கு இரண்டு வரிப் பதில், பக்கத்து இலைக்காரருக்கு இரண்டு பக்கம். கல்யாண வீட்டில் முதலில் முடித்தவர் வரிசை எழும்வரை மோர் காய்ந்த கையோடு உட்கார்ந்திருப்பார். 2022இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பங்கோடு வந்த ஓர்கா என்ற அமைப்பு, கல்யாணப் பந்தியை மெஸ்ஸாக மாற்றியது. ஒருவர் எழுந்த நாற்காலியில் உடனே அடுத்தவர். வரிசை முடியக் காத்திருக்கும் வேலையே இல்லை. மறு வருடம் பெர்க்லியில் பிறந்த விஎல்எல்எம், துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தை ஒழித்தது. பதில் எவ்வளவு நீளும் என்று தெரியாததால், நீளக்கூடிய உச்ச அளவுக்கு மெமரியை முன்கூட்டியே வளைத்துப்போடுவது அதுவரை வழக்கம். அப்படிப் பிடித்த இடத்தில் நிஜமாக ஆள் உட்கார்ந்தது 20 முதல் 38 சதவீதத்தில்தான் என்று அளந்து காட்டினார்கள். இப்போது துண்டு துண்டாக, தேவைப்படும்போது மட்டும் இடம்.

சின்ன மாடல் ஒன்று நாலைந்து டோக்கனை முன்கூட்டி ஊகிக்க, பெரிய மாடல் ஒரே நடையில் எல்லாவற்றையும் சரிபார்ப்பது இன்னொரு தந்திரம். ஜூனியர் வரைவு எழுதுகிறார், சீனியர் வக்கீல் தப்பு வந்த இடத்தில் அடித்துத் திருத்துகிறார். இதில் தரம் குறைவதே இல்லை; இங்கே சொன்னவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

சரி, தராசுக்கு வருகிறேன். காய்கறித் தராசில் நிறுத்ததில் யாருக்கு எடை குறைந்தது? சாரா ஹூக்கரும் சகாக்களும் 2019இல் படங்களை அடையாளம் காணும் மாடல்களை நறுக்கிப் பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் அநேகமாக அசையவில்லை. அடி விழுந்தது சில குறிப்பிட்ட படங்களுக்கு, அபூர்வமாக வருகிறவற்றுக்கு. மொழிகளிலும் இதே கதை. 2024இல் கோஹியர் நிறுவன ஆய்வாளர்கள் பல மொழி மாடல்களை நறுக்கிச் சோதித்ததில், லத்தீன் எழுத்தில் எழுதாத மொழிகளுக்குத்தான் அதிகச் சேதம். ஜப்பானிய மொழியில் தானியங்கித் தேர்வுகள் காட்டிய சரிவு 1.7 சதவீதம். அசல் கேள்விகளுக்கு வந்த பதில்களை மனிதர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது சரிவு 16 சதவீதம்.

தமிழுக்கு ஏற்கெனவே ஒரு கூடுதல் வரி இருந்தது. ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு 15 பைட். பழைய டோக்கன் பட்டியல்கள் தமிழ் எழுத்தையே உடைத்துத்தான் எண்ணின. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ புதிய பட்டியலை வெளியிட்டபோது காட்டிய உதாரணத்தில், ஒரு தமிழ்ப் பத்தி 116 டோக்கனிலிருந்து 35ஆக இறங்கியது. அதே பத்தி ஆங்கிலத்தில் 27லிருந்து 24. டோக்கனுக்கு ஒரு நடை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அதுவரை தமிழில் கேட்டவர் எவ்வளவு காத்திருந்தார், எவ்வளவு கொடுத்தார் என்று புரியும்.

என் மேசையில் ஒரு தாள் இருக்கிறது, பத்துத் தமிழ்க் கேள்விகள். எந்த மாடலை நறுக்கி மடிக்கணினியில் இறக்கினாலும் அவற்றைக் கேட்டுவிடுவேன். மூன்றாவது கேள்வி: என் அம்மாவின் தம்பி மகள் எனக்கு என்ன முறை? ஒரு மாடல் 8 பிட்டில் மாமன் மகள், முறைப்பெண் என்று சரியாகச் சொன்னது. 4 பிட்டிலும் சொன்னது, கொஞ்சம் சுற்றி வளைத்து. 2 பிட்டுக்கு இறக்கினேன். மின்னல் வேகத்தில் பதில் வந்தது, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல்: தங்கை.

(தொடரும்)